மாத்திரையும் பங்குப் பத்திரமும்

மருந்து என்றதும் நம் நினைவுக்கு வருபவர் வைத்தியர். அவருக்கு அடுத்தபடியாக, பெட்டிகளுக்கும் புட்டிகளுக்கும் நடுவே நின்று துண்டைப் பார்த்து மாத்திரைகளை எண்ணிக் கொடுக்கும் மருந்துக் கடைக்காரர் வருவார். அவர்களுக்கும் அப்பால் நாம் ஒருபோதும் கண்டிராத ஒரு மனிதர் இருக்கிறார். அவர் நோயாளியல்லர், வைத்தியருமல்லர், அந்த மருந்தை ஒரு நாளாவது வாயில் போட்டுப் பார்த்தவருமல்லர். ஆயினும் அம்மருந்தைப் பற்றி அதைச் செய்த கொம்பனி ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால், உலகின் சில நாடுகளில் நீதிமன்றப் படியேறுகிறவர்களுள் முன்வரிசையில் நிற்பவர் அவரே. அவர்தாம் பங்குதாரர்.

எங்கள் யட்டவத்தை, மாத்தளை மாவட்டத்தில் மலைச்சரிவைப் பற்றிக்கொண்டு கிடக்கும் சிற்றூர். மிளகு என்ன விலை போகிறது, கராம்பு காய்ந்ததா, இன்றைக்குக் கொழுந்து எத்தனை கிலோ என்ற பேச்சுகள் இங்கே காதில் விழுமேயன்றி, பங்குச் சந்தையைப் பற்றிய பேச்சை நான் ஆசிரியனாக இருந்த காலம் முழுவதிலும் கேட்டதில்லை. ஆனாலும் பங்குதாரர் என்ற அந்தக் காணாத மனிதர் எங்களுக்கு அந்நியர் என்று சொல்லிவிடவும் முடியாது. 1896ஆம் ஆண்டில் கொழும்பிலே பங்குத் தரகர்கள் ஒரு சங்கமாகக் கூடி வியாபாரத்தைத் தொடங்கியதே, தேயிலைத் தோட்டங்களை உண்டாக்கத் துரைமார்க்கு மூலதனம் திரட்டிக் கொடுப்பதற்காகத்தான். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியாக நடந்து மாத்தளை வந்து சேர்ந்தவர்களின் சந்ததியினர், இலண்டனில் எவரோ பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்த பங்குப் பத்திரத்துக்கு ஆண்டுதோறும் இலாபம் ஈட்டிக் கொடுத்தார்கள். அந்தப் பங்குதாரருக்கு ஆண்டறிக்கை அச்சடித்து அனுப்பப்பட்டது. லயத்துக்கு எந்த அறிக்கையும் வரவில்லை.

இது நிற்க. சில மாதங்களுக்கு முன், தோட்டத்தில் முப்பது ஆண்டுக்கு மேல் கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற ஓர் அம்மாள் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். சேமலாப நிதிப் பணமும் சேவைக்காலப் பணமும் அவர் கையில் வந்திருந்தன. கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்யும் அவருடைய மகன், அந்தப் பணத்தைக் கொண்டு ஒரு மருந்துக் கொம்பனியின் பங்குகளை வாங்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறானாம். அந்தக் கொம்பனி ஏதோ புதிய மருந்துக்கு அனுமதி பெறப்போவதாகக் கைத்தொலைபேசியில் செய்தி வந்திருக்கிறதாம். பணம் ஒரே வருடத்தில் இரட்டிப்பாகுமாம். இதையெல்லாம் சொல்லி முடித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் ஒரு கேள்வி கேட்டார்.

"கடையில ஏமாத்தினா கடைக்காரனைக் கேக்கலாம். கங்காணி கணக்கைக் குறைச்சு எழுதினா தொரைகிட்ட போகலாம், யூனியனுக்குப் போகலாம். இந்தக் கொம்பனிக்காரங்க சொன்னது பொய்யாப் போயிட்டா, நாங்க யாருகிட்ட போய் நிக்கிறது, மாஸ்டர்?"

உயர்தர வகுப்பில் வர்த்தகப் பிரிவில் படிக்கும் என் பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவளும் பேனாவை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அன்றைக்குத் துண்டு துண்டாக நான் சொன்னவற்றையும், பின்னர் தேடிப் படித்தவற்றையும் சேர்த்தே இங்கு எழுதுகிறேன். மகனோ மகளோ கைத்தொலைபேசியில் பங்கு வாங்கும் காலம் நம் வீடுகளுக்கும் வந்துவிட்டதல்லவா?

இந்தக் கேள்விக்கு மிக விரிவாக விடை சொல்லியிருக்கும் நாடு அமெரிக்கா. 1929இல் அங்கே பங்குச் சந்தை சரிந்து, சாதாரணக் குடும்பங்களின் சேமிப்பு காற்றில் போன பிறகு, 1934ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றினார்கள். அதன் கீழ் 1942இல் ஒரு விதி பிறந்தது. பங்கு விற்பனை சம்பந்தமாக முக்கியமான ஒரு விஷயத்தைப் பற்றிப் பொய் சொல்லக்கூடாது. சொன்னது பாதி உண்மையாக நின்று மயக்குமாறு, சொல்ல வேண்டியதை மறைக்கவும் கூடாது என்பதே அவ்விதியின் சாரம். விதி மட்டும் இருந்து என்ன பயன்? நூறு டொலர் இழந்த ஒருவன், ஆயிரம் வழக்கறிஞர்களை வைத்திருக்கும் கொம்பனியோடு தனியே மல்லுக்கு நிற்பானா? ஆகவே ஒரே விதமாகப் பாதிக்கப்பட்ட எல்லோருக்குமாக ஒருவரோ சிலரோ முன்னின்று வழக்காடும் முறை 1966இல் செப்பனிடப்பட்டது. 'வகுப்பு வழக்கு' என்று அதைச் சொல்லலாம். குறித்த இரண்டு தேதிகளுக்கு இடையில் அந்தப் பங்கை வாங்கிய அனைவரும், தாம் கையெழுத்துப் போடாமலே அவ்வழக்கில் அடங்கிவிடுவார்கள். வேண்டாம் என்பவர் விலகிக்கொள்ளலாம். வழக்கறிஞருக்கு முன்பணம் கிடையாது. வென்றால், அல்லது சமரசமானால், வரும் தொகையில் நீதிமன்றம் அனுமதிக்கும் பங்கு அவருக்குக் கிடைக்கும். 1995இல் வந்த இன்னொரு சட்டம், பொதுவாக மிகப் பெரிய நட்டம் அடைந்தவரே முன்னிற்க வேண்டும் என்று ஒழுங்கு செய்தது. அதன் பயனாக, ஆசிரியர்களுக்கும் அரசாங்க ஊழியர்களுக்கும் ஓய்வூதியம் கொடுக்கும் நிதியங்களே இன்று பல வழக்குகளில் முன்வரிசையில் நிற்கின்றன.

"எல்லாரும் அந்தப் பொய்யைக் கேட்டிருப்பாங்களா, தாத்தா? கேக்காமலே வாங்கினவங்களும் இருப்பாங்களே?" என்று பேத்தி குறுக்கிட்டாள்.

கெட்டிக்காரப் பிள்ளை! அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1988இல் விடை கூறிய கேள்வி அதுவே. மாத்தளைக் கடைத் தெருவை நினைத்துக்கொள், அம்மா என்றேன். வெளிநாட்டிலிருந்து பெரிய கொள்வனவு வருகிறது என்று ஒரு பெரிய வியாபாரி பொய்யாகக் கிளப்பி விடுகிறான். மிளகு விலை ஏறுகிறது. யட்டவத்தையிலிருந்து போகும் சின்ன வியாபாரி அந்தச் செய்தியைக் காதாலும் கேட்டிருக்கமாட்டான். ஆனால் ஏறிய விலைக்குத்தான் மிளகை வாங்குகிறான். பொய் அவன் காதுக்குள் புகவில்லை, விலைக்குள் புகுந்துகொண்டது. பெரிய பங்குச் சந்தையில் பகிரங்கச் செய்திகள் யாவும் விலையில் கலந்துவிடுகின்றன என்றும், விலையை நம்பி வாங்கியவன் பொய்யையும் நம்பியவனே என்று கொள்ளலாம் என்றும் அந்நீதிமன்றம் கூறியது. கொம்பனி அதற்கு மாறாக நிரூபிக்க முற்படலாம். அது வேறு விஷயம்.

எல்லா விதமான கொம்பனிகள் மீதும் இத்தகைய வழக்குகள் வருகின்றன என்றாலும், மருந்துக் கொம்பனிகளுக்கு இதில் ஒரு தனி இடம் உண்டு. அதற்குக் காரணம் எளிது. புடைவை ஆலை ஒன்றின் புடைவையை நாமே தொட்டுப் பார்த்துவிடலாம். ஒரு மருந்து பலிக்குமா, கெடுக்குமா என்பது பல ஆண்டுச் சோதனைக்குப் பிறகே தெரியும். அதுவும் முதலில் கொம்பனிக்கே தெரியும். ஒரு சோதனையின் முடிவு, அரசாங்க அதிகாரியின் ஒரு கடிதம், தொழிற்சாலையைப் பார்வையிட்டவர் எழுதிய ஒரு குறிப்பு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று வெளிவந்தால், பல கோடி டொலர் பெறுமதி ஒரே காலைப்பொழுதில் ஏறும் அல்லது இறங்கும். தெரிந்தவனுக்கும் தெரியாதவனுக்கும் இடையே இவ்வளவு பெரிய பள்ளம் வேறு வியாபாரங்களில் அரிது.

வயொக்ஸ் என்ற மாத்திரையின் கதையைச் சற்று நின்று பார்ப்போம். மெர்க் என்ற அமெரிக்கக் கொம்பனி 1999இல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மூட்டு வலிக்கு நல்லது, வயிற்றைப் புண்ணாக்காது என்பது அதன் பெருமை. 8,000க்கு மேற்பட்ட நோயாளிகளிடம் நடத்திய சோதனையொன்றின் முடிவு 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. வயிற்றைப் பொறுத்தவரை மருந்து சொன்னபடி இருந்தது. ஆனால் பழைய வலி மருந்தொன்றை உட்கொண்டவர்களைவிட, வயொக்ஸ் உட்கொண்டவர்களுக்கு மாரடைப்புப் பல மடங்கு அதிகமாக ஏற்பட்டிருந்தது. வயொக்ஸ் மாரடைப்பைக் கொண்டுவரவில்லை, பழைய மருந்துதான் இருதயத்தைக் காத்திருக்கிறது என்று கொம்பனி வியாக்கியானம் செய்தது. அப்படியும் இருக்கலாம், இப்படியும் இருக்கலாம் என்ற இரண்டில் தனக்கு இலாபமானதை எடுத்துக்கொண்டது என்பதே பின்னர் அதன்மேல் சுமத்தப்பட்ட குற்றச்சாட்டு. 2004 செப்டெம்பர் 30ஆம் திகதி, வேறொரு சோதனையிலும் அபாயம் தெரியவரவே, மெர்க் தானாகவே மருந்தை உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. முந்திய நாள் 45 டொலராக இருந்த பங்கு அன்று 33 டொலருக்கு வந்து நின்றது.

பங்குதாரர்கள் அதற்கு முன்பே, 2003 நவம்பரில், வழக்குத் தொடுத்திருந்தார்கள். காலங்கடந்து வந்துவிட்டார்கள், முன்பே செய்திகள் வந்திருந்தனவே என்று கொம்பனி வாதாடியது. பொய் வெளிப்பட்டால் மட்டும் போதாது, தெரிந்துகொண்டே சொன்ன பொய் என்பதைக் காட்டும் விவரங்களும் தெரியவந்த பிறகே காலக்கெடு ஓடத் தொடங்கும் என்று 2010இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இறுதியில் 2016ஆம் ஆண்டில் 83 கோடி டொலருக்கு வழக்குச் சமரசமாயிற்று. வழக்கறிஞர் கட்டணத்துக்கும் செலவுக்குமாக மேலும் 23 கோடிக்கு மேல் ஒதுக்கப்பட்டது. தான் குற்றம் செய்ததாகக் கொம்பனி ஒப்புக்கொள்ளவில்லை. 2003இல் தொடுத்த வழக்கு 2016இல் தீர்ந்தது என்பதைக் கவனித்தீர்களா? இடையில் பாலர் வகுப்பில் சேர்ந்த ஒரு குழந்தை சாதாரணதரப் பரீட்சை எழுதியே முடித்திருக்கும்.

இன்னொரு வழக்கு சிறியது. ஆனால் எனக்கு மிகவும் பிடித்தமானது. ஸிக்காம் என்ற தடிமன் மருந்தை மேட்ரிக்ஸ் என்ற கொம்பனி விற்றது. துத்தநாகம் கலந்த அதை மூக்கில் இட்டுக்கொள்ள வேண்டும். இட்டுக்கொண்ட சிலருக்கு மணம் அறியும் சக்தியே போய்விட்டது என்று வைத்தியர்கள் அறிவித்தார்கள். கொம்பனியோ, அவ்விதம் சொல்வதற்கு ஆதாரமே இல்லை என்று 2004இல் அறிக்கை விட்டது. வியாபாரம் அமோகமாக வளரும் என்றும் சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு காலைத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் விஷயம் வெளியானதும் பங்கு விலை விழுந்தது. பங்குதாரர்கள் வழக்காடினார்கள். எங்களுக்கு வந்த புகார்கள் சொற்பம். புள்ளிவிவரக் கணக்கின்படி அவை ஒன்றையும் நிரூபிக்கமாட்டா. ஆகவே சொல்ல வேண்டிய கடமையில்லை என்றது கொம்பனி. 2011 மார்ச் 22ஆம் திகதி உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசர்களும் ஒருமனதாக அந்த வாதத்தைத் தள்ளினார்கள். புள்ளிவிவரக் கணக்கு ஒன்றையே அளவுகோலாக வைத்து, எது முக்கியம், எது முக்கியமன்று என்று கோடு கிழிக்க முடியாது என்பது தீர்ப்பு. மணத்தைக் கொண்டே கறுவாவையும் ஏலத்தையும் தரம் பிரித்துப் பிழைக்கும் எங்கள் மாத்தளை வாசிகளுக்கு, மூக்கைப் பற்றிய இந்த வழக்கின் அருமையைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆனால் பொய் சொன்னான் என்று காட்டிவிட்டாலே பணம் கிடைத்துவிடும் என்று எண்ணிவிடக்கூடாது. ஆஸ்துமா மருந்தை உள்ளிழுக்கும் கருவி ஒன்றுக்கு அனுமதி கிடைத்துவிடும் என்று சொல்லிவந்த டூரா என்ற கொம்பனியின் வழக்கில், பொய்யினால் கூடிய விலைக்கு வாங்கினேன் என்பது மட்டும் நட்டமாகாது, அந்தப் பொய்யினாலேயே பின்னர் பணம் போயிற்று என்று காட்ட வேண்டும் என 2005இல் தீர்ப்பாயிற்று.

இனி நமது அயலுக்கு வருவோம். இந்தியாவிலே ரான்பாக்ஸி என்றொரு புகழ்பெற்ற மருந்துக் கொம்பனி இருந்தது. அதை நடத்திய சிங் சகோதரர்களின் குடும்பம் தன் பங்குகளை 2008இல் ஜப்பானைச் சேர்ந்த டாய்ச்சி சாங்கியோ என்ற கொம்பனிக்கு 9,576 கோடி இந்திய ரூபாவுக்கு விற்றது. அதே ஆண்டு செப்டெம்பரில், பாவ்ண்டா சாகிப், தேவாஸ் ஆகிய இடங்களிலுள்ள ரான்பாக்ஸித் தொழிற்சாலைகளில் செய்த முப்பது மருந்துகளை அமெரிக்கா தன் துறைமுகங்களில் தடுத்து நிறுத்தியது. சோதனைக் கணக்குகள் ஒழுங்காக இல்லை என்பதைக் கொம்பனிக்குள் இருந்த தினேஷ் தாக்கூர் என்ற அதிகாரி முன்பே கண்டு, அமெரிக்க அதிகாரிகளுக்கு அறிவித்திருந்தார். 2013இல் ரான்பாக்ஸியின் அமெரிக்கக் கிளை நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 50 கோடி டொலர் செலுத்த இணங்கியது. நெருக்கடியை எங்களிடம் மறைத்து விற்றுவிட்டீர்கள் என்று ஜப்பானியர் சிங்கப்பூரில் நடந்த நடுத்தீர்ப்பில் முறையிட்டனர். சகோதரர்கள் மறுத்தனர். 2016இல் ஜப்பானியர் பக்கம் தீர்ப்பாயிற்று; வட்டியோடு ஏறத்தாழ 3,500 கோடி இந்திய ரூபா கொடுக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டது. டில்லி மேல் நீதிமன்றமும் 2018இல், அக்காலத்தில் சிறுவராக இருந்தவர்களை விலக்கி, மற்றவர்கள் மீது அதை உறுதி செய்தது.

இதில் நான் கவனித்த விசித்திரம் ஒன்று உண்டு. ஆயிரக்கணக்கான கோடி கொடுத்து வாங்கிய பெரிய முதலாளிக்கு, சிங்கப்பூரில் ஒரு மன்றம் வாசலைத் திறந்துவைத்திருந்தது. பத்துப் பங்கு வைத்திருந்த பள்ளிக்கூட வாத்தியாருக்கு எந்த வாசல்?

அதற்கு விடை, அவர் எங்கே வாங்கினார் என்பதைப் பொறுத்திருந்தது. ஹைதராபாத்தில் உள்ள டொக்டர் ரெட்டீஸ் லபோரட்டரீஸ் கொம்பனியின் பங்குகள் இந்தியச் சந்தையிலும் விற்கப்படுகின்றன. 2001 முதல் நியூயோர்க் சந்தையிலும் வேறொரு பத்திர வடிவில் விற்கப்படுகின்றன. 2015 நவம்பரில் அதன் மூன்று தொழிற்சாலைகளைப் பற்றி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. தொழிற்சாலைகளின் தரக் கட்டுப்பாட்டைப் பற்றிக் கொம்பனி முதலீட்டாளர்களைத் தவறாக வழிநடத்தியது என்று 2017இல் நியூ ஜெர்சி நீதிமன்றத்தில் வகுப்பு வழக்குப் பதிவாயிற்று. மிசிசிப்பி மாநில அரசாங்க ஊழியர்களின் ஓய்வூதிய நிதியம் அதில் முன்னின்றது. கொம்பனி குற்றச்சாட்டை மறுத்தது. 2020இல், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே, 90 இலட்சம் டொலருக்குச் சமரசம் செய்துகொண்டது. குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. ஆனால் இந்தியாவில் அதே கொம்பனியின் பங்கை வாங்கியவருக்கு அந்தத் தொகையில் இடமில்லை. ஏனெனில், அமெரிக்காவுக்குள் நடந்த கொள்வனவுகளையே தன் சட்டம் காக்கும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2010இல் ஓர் அவுஸ்திரேலிய வங்கியின் வழக்கில் கூறிவிட்டது.

மருந்துக் கொம்பனியல்லாத சத்யம் கொம்பனியின் விஷயத்திலும் இதுவே நடந்தது. 2009 ஜனவரி 7ஆம் திகதி அதன் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்குகள் பொய் என்று தாமே கடிதம் எழுதினார். அமெரிக்காவில் பத்திரம் வாங்கியவர்களுக்காக அக்கொம்பனி 12.5 கோடி டொலர் கொடுத்தது. இந்தியாவில் இருந்த இலட்சக்கணக்கான சிறு பங்குதாரர்களுக்கோ அத்தகைய வழக்கைத் தொடுக்கச் சட்டத்தில் வழியே இருக்கவில்லை. அந்த அனுபவத்துக்குப் பிறகே 2013ஆம் ஆண்டுக் கொம்பனிச் சட்டத்தில் 245ஆம் பிரிவு சேர்க்கப்பட்டது. 2016இல் அமுலுக்கு வந்தது. பொய்யான அறிக்கைக்காக இயக்குநர்களிடமும் கணக்காய்வாளர்களிடமும் ஒன்றுசேர்ந்து நட்டஈடு கேட்க அது இடமளிக்கிறது. வழி திறந்திருக்கிறது, நடந்தவர்கள் இன்னும் சிலரே.

வாசல் திறந்திருக்கும் அமெரிக்காவிலாவது சின்னவனுக்கு என்ன கிடைக்கிறது? நியூ ஜெர்சியில் இருக்கும் என் தங்கையின் மகனுக்கு இப்படியொரு வழக்கில் ஒருமுறை கடிதம் வந்தது. எந்தக் கொம்பனி என்பது இங்கே வேண்டாம். எப்போது வாங்கினாய், எப்போது விற்றாய், சான்று அனுப்பு என்று பல பக்கத்தில் படிவம். இரவெல்லாம் பழைய கடிதங்களைத் தேடி நிரப்பி அனுப்பினான். மூன்று ஆண்டு கழித்து முப்பத்தேழு டொலருக்குக் காசோலை வந்தது. "மாமா, இதைக் கொண்டு பிள்ளைகளைக் கூட்டிப்போய் ஒருவேளை சாப்பிடவும் முடியாது" என்று தொலைபேசியில் சிரித்தான்.

சிரிப்புக்குரியது அது மட்டுமன்று. அந்தப் பணம் யாருடைய பையிலிருந்து வருகிறது? பெரும்பாலும் கொம்பனியின் பையிலிருந்தும், இயக்குநர்களுக்காகக் கொம்பனி எடுத்து வைத்திருக்கும் காப்புறுதியிலிருந்தும் வருகிறது. கொம்பனியின் பை என்பது இன்றைய பங்குதாரரின் பையல்லவா? ஆகவே நேற்று ஏமாந்த பங்குதாரருக்கு இன்றிருக்கும் பங்குதாரர் தண்டம் கட்டுகிறார். பொய்யைச் சொன்ன வாய்க்குரியவர் தம் சொந்தப் பணத்தை எடுத்து வைப்பது அபூர்வம். வழக்கறிஞர்கள் கொழுக்கும் வழக்கு என்று இதை வெறுப்போர் அந்நாட்டிலேயே பலர் இருக்கின்றனர். எனக்கு அவர்களோடு முழு உடன்பாடு இல்லை. இத்தகைய வழக்குகள் இல்லாவிட்டால், கொம்பனிக்குள் பூட்டிக் கிடந்த எத்தனையோ கடிதங்களும் குறிப்புகளும் ஒருநாளும் வெளிச்சத்தைக் கண்டிரா. முப்பத்தேழு டொலர் ஒரு பெரிய விஷயமன்று. ஆனால் நீதிமன்றக் கட்டளைக்குப் பணிந்து கொம்பனி தன் அலமாரியைத் திறக்க வேண்டி வருகிறதே, அது சிறிய விஷயமன்று.

"அப்படின்னா மாத்திரையைச் சாப்பிட்டவங்களுக்கு என்ன கிடைச்சது, தாத்தா?" என்றாள் பேத்தி.

என் இரத்த அழுத்த மாத்திரைத் தகடு அப்போது மேசைமேல்தான் கிடந்தது. வயொக்ஸ் விஷயத்தில் நோயாளிகளும் அவர்கள் குடும்பத்தாரும் சுமார் 27,000 வழக்குகள் தொடுத்தார்கள். 2007இல் மெர்க் அவர்களுக்காக 485 கோடி டொலர் ஒதுக்கியது. அதாவது, நோயாளிகளுக்கான தொகை பங்குதாரர்களுக்கானதைவிடப் பல மடங்கு பெரிது. ஆனால் நோயாளியின் பாதை கரடுமுரடானது. என் மாரடைப்பு இந்த மாத்திரையால்தான் வந்தது, புகையிலையால் அன்று, பரம்பரையால் அன்று என்று ஒவ்வொருவரும் தம் உடம்பைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற வேண்டும். பங்குதாரருக்கு அந்தத் தொல்லை இல்லை. நேற்று 45, இன்று 33 என்று விலைப் பட்டியலே சாட்சி சொல்லும். உடம்பின் நட்டத்தைவிடப் பணத்தின் நட்டத்தை அளப்பது எளிது. சட்டமும் எளிதில் அளக்கக் கூடியதையே முதலில் அளக்கிறது. என் பேத்திக்கு இந்த விடை திருப்தி தரவில்லை. எனக்கும்தான்.

நமது நாட்டில் மருந்தைப் பற்றிய இந்தக் கவலை புதிதன்று. பேராசிரியர் சேனக பிபிலே காட்டிய வழியில் 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியது. மருந்தை வியாபாரப் பெயரால் அன்றி அதன் சொந்தப் பெயரால் எழுதி, மலிவாக வாங்கலாம் என்று உலகுக்கே காட்டியவர் அவர். 2015இல் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டம் வந்தது. அப்படியிருந்தும், 2023இல் ஆஸ்பத்திரிகளுக்கு வந்த தரமற்ற இம்யூனோகுளோபுலின் ஊசிமருந்து விவகாரம் நாட்டையே உலுக்கியது. முன்னாள் சுகாதார அமைச்சர் ஒருவர் 2024 பெப்ரவரியில் கைது செய்யப்பட்டார். அது நோயாளிகளின் விவகாரம், பங்குதாரரின் விவகாரமன்று.

நம் பங்குதாரருக்கு உள்ளது இதுதான். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தில் 224ஆம் பிரிவு, பங்குதாரரை ஒடுக்கும் விதமாகக் கொம்பனியை நடத்தினால் நீதிமன்றத்தை நாட இடந்தருகிறது. 234ஆம் பிரிவின்படி, நீதிமன்ற அனுமதி பெற்று, கொம்பனிக்காகவே பங்குதாரர் வழக்காடலாம். 2021ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கப் பிணையங்கள் பரிவர்த்தனைச் சட்டம், பொய்யான அல்லது மயக்கும் கூற்றுகளால் பிறரைப் பங்கு வாங்கத் தூண்டுவதைக் குற்றமாக்குகிறது. இவற்றைவிடப் பழையது, 1889ஆம் ஆண்டுக் குடியியல் நடவடிக்கை முறைக் கோவையின் 16ஆம் பிரிவு. பொதுவான அக்கறையுடைய பலர் இருந்தால், நீதிமன்ற அனுமதியோடு அவர்களுள் ஒருவர் எல்லோருக்குமாக வழக்காடலாம். மற்றவர்களுக்கு நேரிலோ பகிரங்க விளம்பரத்தாலோ அறிவித்தல் கொடுக்க வேண்டும் என்கிறது அது. அமெரிக்க வகுப்பு வழக்கின் விதை இதற்குள்ளும் கிடக்கிறது. ஆனால் பொய்யை நம்பிப் பங்கு வாங்கியவர்கள் ஆயிரக்கணக்கில் ஒன்றுகூடி நட்டஈடு பெறும் வழக்கம் இங்கே வேரூன்றவில்லை. அத்தகைய வழக்கை எடுத்து நடத்தும் வழக்கறிஞர் கூட்டமும் இல்லை.

ஆகவே அந்த அம்மாளிடம், போய் நிற்க ஓர் இடம் ஏட்டில் இருக்கிறது, அம்மா. நீங்கள் போய்ச் சேரும்வரை உங்கள் பணம் காத்திருக்காது என்று சொன்னேன். பங்கே வாங்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. இழந்தாலும் அடுப்பெரியும் என்ற அளவுக்கு வாங்கலாம். கைத்தொலைபேசியில் யாரோ அனுப்பிய செய்தியை நம்பி வாங்கலாகாது. கொம்பனி பங்குச் சந்தைக்குக் கொடுத்த அறிவித்தலிலே அந்த மருந்தைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா என்று மகனைக் காட்டச் சொல்லுங்கள் என்றேன். மகனால் காட்ட முடியவில்லை. அவர் பணத்தின் பெரும்பகுதியை வங்கியில் நிலையான வைப்பில் போட்டுவிட்டு, மிச்சத்தில் ஒரு கறவை மாடு வாங்கினார். மகனுக்கு ஒரு வாரம் கோபம். அந்தப் பங்கு பின்னர் ஏறியதோ இறங்கியதோ நான் விசாரிக்கவில்லை. ஏறியிருந்தாலும் என் ஆலோசனை மாறியிராது.

என் பேத்திதான் விட்டபாடில்லை. பாடசாலைக்கு ஒரு செயற்றிட்டம் செய்ய வேண்டுமாம். மருந்துகளை இறக்குமதி செய்து விற்கும் ஒரு கொம்பனியின் ஆண்டறிக்கையை எடுத்து வந்து, தலைவரின் புன்னகை நிறைந்த படத்திலிருந்து படிக்கத் தொடங்கினாள். முன்பக்கத்தில் கொம்பனி தன்னைப் பற்றிச் சொல்ல விரும்பியது இருக்கும், பின்பக்கத்தில் சொல்லியே ஆக வேண்டியது இருக்கும், ஆதலால் கடைசியிலிருந்து படி, வழக்குகளைப் பற்றிய குறிப்பு எங்கே இருக்கிறது என்று முதலில் தேடு என்றேன். தேடிப் பிடித்துவிட்டாள். பொடி எழுத்தில் நான்கு வரி இருந்தது. அதில் மூன்று சொற்களுக்கு அவளுக்கும் பொருள் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. தமிழில் ஏன் இதை எழுதவில்லை என்று கொம்பனிக்கே கடிதம் எழுதப் போகிறேன் என்கிறாள். முகவரி அறிக்கையின் பின்னட்டையிலேயே இருக்கிறது; முத்திரைக்குக் காசு கொடுத்திருக்கிறேன்.